சத்தம் பத்தவில்லை

வேலை போன மூன்றாவது மாதத்தில் ஆம்ப்ரோஸ் வீட்டுப் பாட்டுச் செட்டுக்குச் சத்தம் குறைந்துபோயிற்று.

அது எண்பத்தாறாம் வருஷம். பழுதுபார்க்க வரும் கப்பல்கள் குறைந்துவிட்டன. பட்டறைக்குப் பட்டறை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் இருபத்திரண்டு வருஷம் கப்பல்களின் எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கித் துரு தட்டியவர். காற்றில் ஓடும் சுத்தியலைத் தோளோடு அணைத்துப் பிடித்து இரும்புச் சுவரில் வைத்தால் தொட்டி முழுக்க இடி இடிக்கும். பக்கத்து ஆள் என்ன சொல்கிறான் என்பதை வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது பேரை வரிசையில் நிற்க வைத்துக் கடிதம் கொடுத்தார்கள். ஆம்ப்ரோஸ் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே இறங்கினார். பாதியில் விட்டிருந்த சுவரைத் தட்டி முடித்துவிட்டுத்தான் மேலே ஏறிவந்தார். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று மனைவி ஜோசபின் கேட்டபோது அவர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார்.

வீடு புக்கிட் பாஞ்சாங்கில், பதினோராவது மாடியில். குடிவந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்கு முன்னால் தஞ்சோங் பகார் பக்கம் துறைமுகக் குடியிருப்பில் இருந்தார்கள். அங்கே ரயில் வரும், லாரி வரும், கப்பல் ஊதும். ஞாயிற்றுக்கிழமைகூட எவனாவது எதையாவது இரும்பில் போட்டு அடித்துக்கொண்டிருப்பான். இங்கே காலையில் வேலைக்குப் போகிறவர்கள் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், ஒன்பது மணிக்கு லிஃப்ட் சத்தமும் அடங்கிவிட்டால் வீடு கம்மென்று ஆகிவிடும். அது ஆம்ப்ரோஸுக்கு ஆகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் காதுக்குள் கொசு மாதிரி ஒன்று ரீங்கரிக்கும். எழுந்து ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பார். ஜன்னலில் நின்று கீழே பார்ப்பார். திறந்திருக்கும் குழாயை மூடுவார், மூடிய குழாயை ஒரு தடவை திறந்து பார்ப்பார்.

"உக்காருங்களேன்" என்பாள் ஜோசபின்.

"உக்காந்துதான இருக்கேன்" என்பார், நின்றுகொண்டே.

அவருக்குக் கை கொடுத்தது அந்தச் செட்டுதான். எழுபத்தெட்டில் ஒரு கிரேக்கக் கப்பலின் இஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ஆம்ப்ளிஃபயர் ஒன்று, கேசட் போடுவது ஒன்று, முழங்கால் உயரத்துக்கு இரண்டு மர ஸ்பீக்கர்கள். ஆம்ப்ரோஸ் பெரும்பாலும் நாதஸ்வரக் கேசட்தான் போடுவார். மாதா படத்துக்குக் கீழே நாள் முழுக்கத் தவில் அடிக்கிறதே, பங்குச் சாமியார் வந்தால் என்ன நினைப்பார் என்று ஜோசபின் ஒருமுறை கேட்டாள். "தவில்தான் நம்ம சுத்தியல் மாதிரி விடாம அடிக்குது" என்றார் அவர். சத்தத்தை நாலில் வைத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதிர்ந்தால் அவர் உட்கார்ந்துவிடுவார். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பார்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை நாலில் வைத்தார். தவில் பக்கத்துப் புளோக்குக் கட்டடத்தில் அடிப்பது போலக் கேட்டது. ஆறில் வைத்தார். எட்டில் வைத்தார். பத்துக்கு மேல் அந்தக் குமிழ் திரும்பாது. பத்திலும் முன்பு மூன்றில் கேட்ட அளவுகூட இல்லை.

"ஜோசி, செட்டுக்குச் சத்தம் பத்தல."

பள்ளி விடுமுறை. ஜோசபின் வேலை பார்க்கும் பள்ளிக்கூடக் கேண்டீன் மூடியிருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"அங்கிருந்து கேக்குதா?"

"கேக்குதுலா. பழைய சாமான், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

மறுநாளிலிருந்து அதுவே அவருக்கு வேலையாகிப்போனது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கேசட் நாடா உரசும் தலையைத் துடைத்தார். கறுப்பாக அழுக்கு வந்தது. சந்தோஷப்பட்டுப் போட்டுப் பார்த்தார், அதே சத்தம்தான். கேசட் தேய்ந்துபோயிருக்குமோ என்று பிரிக்காத கேசட் ஒன்றைப் பிரித்துப் போட்டார். பின்பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நுனியைக் கத்தியால் சுரண்டி மறுபடி மாட்டினார். வலது ஸ்பீக்கரை இடது பக்கமும் இடதை வலது பக்கமும் மாற்றினார். இரண்டும் ஒரே மாதிரி முனகின. ஒன்று கெட்டுப்போனால் ஒன்றாவது நன்றாக இருக்க வேண்டுமே, இரண்டும் சேர்ந்து எப்படிக் கெடும் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே தூசியும் ஒரு செத்த பல்லியும் இருந்தன. பல்லியை எடுத்துப் போட்டார்.

பக்கத்து வீட்டுப் பதுருன்னிசா துணி காயப்போட மூங்கில் கழியோடு வெளியே வந்தபோது கேட்டார்.

"ஏம்மா, என் செட்டு உங்க வீட்டுல கேக்குதா?"

பதுருன்னிசா கழியைச் சுவரில் சாய்த்தாள். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது.

"முன்னாடி கேக்கும்ண்ணே. இப்ப இல்ல. இப்ப நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா? சத்தம் வரலைங்கிறேன்."

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் அவசரமாக உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க மழை. வடகிழக்குக் காற்று பதினோராவது மாடியில் நடைபாதைவரை சாரல் அடித்தது. வெளியே போக முடியாமல் ஆம்ப்ரோஸ் செட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பதும் எழுந்து நடப்பதுமாக இருந்தார். ஹாலை ஒட்டிய அறையில் மகள் பிரிஜட் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, இருபத்திரண்டு வயது. எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் போர்டை வைத்து, இயந்திரம் விட்டுப்போன ஈயப் பொட்டுகளைக் கையால் வைப்பாள். ஜூன் மாதத்திலிருந்து இரவு ஷிஃப்ட். காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலை பஸ் கொண்டுவந்து இறக்கிவிடும். குளித்து, ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பாள். இப்போது வீட்டுக்குள் வரும் முழுச் சம்பளம் அவளுடையதுதான். அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது ஆம்ப்ரோஸ் கையில் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஜோசி, உண்மையச் சொல்லு. நான் கூப்பிட்டா ஒனக்கு எப்பிடிக் கேக்குது? கத்துறேனா?"

"எப்பவும் போலத்தான்."

"நீ பேசுறது எனக்குக் கேக்குது. மழை கேக்குது. தவிலு மட்டும் கேக்க மாட்டேங்குது. எங்கூட வேல செஞ்ச மாணிக்கத்துக்கு இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. மொதல்ல டிவி சத்தம் பத்தலன்னான். அப்புறம் பொண்டாட்டி பேசுறது கேக்கலன்னான். இப்ப பக்கத்துல வெடி போட்டாலும் திரும்ப மாட்டான்."

ஜோசபின் குழம்புச் சட்டியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அவர் தட்டில் இன்னொரு கருவாட்டை வைத்தாள்.

"ஒண்ணும் இருக்காது, சாப்பிடுங்க."

அன்றைக்கு மத்தியானம் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துப் பார்த்தார். டிக் டிக் கேட்டது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கேட்டது. இன்னும் தள்ளினார், கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய தூரமா இல்லையா என்று யாரைக் கேட்பது? இனி எங்காவது வேலைக்குக் கூப்பிட்டாலும் காது கேட்காதவனை எவன் எடுப்பான் என்று நினைத்துக் கடிகாரத்தை மறுபடி காதோடு வைத்தார்.

வெள்ளிக்கிழமை அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் சின்னப் பெண். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வெந்நீர் பீச்சிப் பட்டாணி அளவு அழுக்கை எடுத்துக் காட்டினாள். இரும்புக் கவட்டை ஒன்றைத் தட்டிக் காதருகே பிடித்தாள். கொஞ்சம் மங்கியிருக்கிறது, அந்த வேலை செய்தவர்களுக்கு அப்படித்தான் ஆகும், ஆனால் செவிடு இல்லை என்றாள். இனிமேல் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னாள். ஆம்ப்ரோஸ் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நேராகச் செட்டைப் போட்டார். அதே முனகல்.

சனிக்கிழமை ஆம்ப்ளிஃபயரைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஸ்பீக்கர்களை எடுத்துப்போக முடியாது, கனம். தேக்கா சந்தையருகே இறங்கி, மழையில் நனைந்த காய்கறிக் கூடைகளைத் தாண்டி, டன்லப் ஸ்திரீட்டில் சேக் தாவூது கடைக்கு நடந்தார். கடை என்றால் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த இடம். சேக் தாவூதுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேக்கா வட்டாரத்தில் ரேடியோவோ கேசட்டோ ரிப்பேர் என்றால் அவரிடம்தான் வருவார்கள்.

"என்ன கம்ப்ளெய்ன்ட்?"

"சத்தம் பத்தல பாய்."

தாவூது போர்வையைப் பிரித்தார். கடையில் தொங்கிக்கொண்டிருந்த தன்னுடைய ஸ்பீக்கர்களில் வயரை மாட்டி, ஒரு கேசட்டைப் போட்டு, குமிழை நாலுக்குத் திருப்பினார். மாடிப்படி அதிர்ந்தது. தெருவில் போன ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் கண்ணை மூடினார். நெஞ்சுக்குள் எலும்பு எலும்பாக அந்தச் சத்தம் ஏறியது. காது இருக்கிறது. காது போகவில்லை.

"கொறைங்க பாய், போதும்."

"அண்ணே, இதுல ஒரு கொறையும் இல்ல. இன்னும் இருபது வருஷம் ஓடும். ஸ்பீக்கர்ல பாருங்க."

"ரெண்டும் ஒண்ணா கெட்டுப்போகுமா?"

தாவூது வயரைக் கழற்றிக்கொண்டே யோசித்தார்.

"தானா கெட்டா ஒண்ணு மொதல்ல போவும், இன்னொண்ணு அப்புறம் போவும். ரெண்டும் ஒரே நாள்ல, ஒரே அளவுக்குக் கொறையுதுன்னா... வீட்டுல யாராச்சும் பின்னாடி தொறந்தாங்களா?"

"வீட்டுல யாரு தொறக்கப் போறா? நானும் பொண்டாட்டியும் மகளும்தான்."

"மக என்ன செய்யுது?"

ஆம்ப்ரோஸ் சொன்னார். தாவூது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போர்வையை மடித்துக் கட்ட ஆரம்பித்தார். "தொறந்து பாருங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். ரிப்பேர் செய்யாததற்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆம்ப்ரோஸ் உட்காரவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்றரை. ஜோசபின் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வலது ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, பின்பலகையின் எட்டுத் திருகாணிகளையும் கழற்றினார். உள்ளே பஞ்சு. பஞ்சை விலக்கினார். ஸ்பீக்கருக்குப் போகும் சிவப்பு வயர் நடுவில் வெட்டப்பட்டு, இரண்டு நுனிகளுக்கும் இடையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைக் கட்டி வைத்து ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டிய இடம் இரண்டும் மழைத்துளி மாதிரி உருண்டையாக, பளபளவென்று இருந்தன. இருபுறமும் வயரில் கறுப்பு டேப் ஒரு சுருக்கமில்லாமல் சுற்றப்பட்டிருந்தது. அவசரத்தில் செய்த வேலை இல்லை.

இடது ஸ்பீக்கரையும் திறந்தார். அதிலும் ஒன்று.

அவர் எழுந்துபோய்ப் பிரிஜட்டின் கதவைத் தட்டினார். ஜோசபின் சமையலறையிலிருந்து, "தூங்குதுங்க" என்றாள். அவர் மறுபடி, உள்ளங்கையால் தட்டினார்.

பிரிஜட் கதவைத் திறந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. ஹாலில் கவிழ்ந்து கிடந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தாள்.

"அது என்ன?"

"ரெசிஸ்டர்ப்பா."

"பேரு கேக்கல. யாரு வச்சது?"

"நான்தான், சத்தத்தக் கொறைக்க. போன வாரந்தான். ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் பூசைக்குப் போனப்ப வச்சேன்."

"எங்கிட்ட கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டேன்ப்பா." அவள் குரலை உயர்த்தவில்லை. கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள். "தூங்கணும், கொறைங்கன்னு மூணு தடவ கேட்டேன். மொத தடவ ம்னு சொன்னீங்க. மறுநாளே மறுபடி நாலுல வச்சீங்க. ரெண்டாந்தடவ, என் வீட்டுல நான் பாட்டுக் கேக்கக் கூடாதான்னு கேட்டீங்க. மூணாந்தடவ நீங்க எந்திரிச்சுப் போய்க் கொழாயத் தொறந்து மூடுனீங்க."

ஆம்ப்ரோஸுக்கு முதல் இரண்டும் ஞாபகம் வந்தன. மூன்றாவது வரவில்லை.

"நான் என் காது செத்துப்போச்சுன்னு நெனச்சேன். தெரியுமா ஒனக்கு? டாக்டர்ட்ட போயிக் காதக் கழுவிட்டு வந்தேன். ராத்திரில்லாம் வாட்ச வச்சுக் கேட்டுக் கேட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்."

பிரிஜட் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியாது. டாக்டர்ட்ட போனது யாரும் சொல்லல."

அவர் ஜோசபின் பக்கம் திரும்பினார். "ஒனக்குத் தெரியுமா, இந்தக் கட்டி உள்ள இருந்தது?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே என்னக் கிளினிக்குக்கு அனுப்புன."

"ஆமா" என்றாள் ஜோசபின். கையில் இருந்த கரண்டியை அடுப்புத் திட்டில் வைத்தாள். "சொன்னா நீங்க எடுத்துருவீங்க. எடுத்தா இவ போயிருவா. எனக்கு எதச் செய்றதுன்னு தெரியல. காத ஒரு தடவ காட்டுறதும் நல்லதுதான்னு விட்டுட்டேன்."

"எங்க போவா?"

"தோபாயோல கதீஜா ரூம்ல எடம் இருக்குப்பா" என்றாள் பிரிஜட். "எங்கூட அதே லைன்ல வேல செய்றா. ஃபாக்டரிக்குப் பக்கம். அடுத்த மாசம் போகலாம்னு இருக்கேன்."

ஆம்ப்ரோஸ் சமையலறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து, இரண்டு ஸ்பீக்கர்களிலும் அந்த வெள்ளைக் கட்டிகளை வெட்டி எறிந்தார். வயர் நுனிகளைப் பல்லால் கடித்துத் தோலை உரித்து முறுக்கிவிட்டார். பின்பலகையை மாட்டவில்லை. அப்படியே நிமிர்த்தி வைத்து, ஆம்ப்ளிஃபயரை இணைத்து, கேசட்டைப் போட்டுக் குமிழை நாலுக்குத் திருப்பினார். கண்ணாடி அதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

தவில் வீட்டை நிறைத்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். பக்கத்து வீட்டில் குழந்தை அழுததோ என்னவோ, கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரமாகத் தேடியது கிடைத்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் கால் தரையில் தாளத்தோடு சேராமல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு பக்கம் ஓடி முடியப்போகும்போது சமையலறைப் பக்கம் திரும்பினார். பிரிஜட் மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஜோசபின் அவளுக்குச் சோறு போட்டு வைத்திருக்கிறாள். ஒரு வாய் எடுத்திருப்பாள் போல, விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. தலை மேசைமேல் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை சத்தத்திலும் தூங்கினாள். ஜோசபின் தட்டை மெதுவாக நகர்த்தி அவள் முடி குழம்பில் படாமல் ஒதுக்கிவிட்டாள்.

ஆம்ப்ரோஸ் எழுந்து செட்டை அணைத்தார். சத்தம் நின்றதும் பிரிஜட் அசையவில்லை. கிட்டே போய் நின்றார். அவள் இடதுகை ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் போட்டிருந்தது. அந்தப் பிளாஸ்டரை அவர் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்னவென்று கேட்கவில்லை.

"என்ன இது?"

"ஈயம் உருக்குற சூட்டுக்கோல் பட்டது" என்றாள் ஜோசபின், மெல்லிய குரலில். "வேலையில கண்ணசந்துட்டா. சூப்பர்வைசர் லெட்டர் குடுத்துட்டான். இன்னொரு லெட்டர் வந்தா நிப்பாட்டிருவாங்க. ஒங்ககிட்ட சொல்லாதன்னா. அப்பா ஏற்கெனவே ஒரு லெட்டர் பாத்துட்டாருன்னா."

ஆம்ப்ரோஸ் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று ஜோசபின் கேட்டாள். அவருக்கே தெரியாது. பஸ் எது வந்ததோ அதில் ஏறினார். அது மறுபடி தேக்காவுக்குத்தான் போனது.

மத்தியானச் சந்தை. பாதிக் கடைகள் எடுத்துவைக்கும் நேரம். ஈரத்தரையில் மீன் தண்ணீர் ஓடியது. ஆட்டுக்கறிக் கடை வரிசையில் அப்துல் கையூம் என்பவர் கட்டையில் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தார். தடித்த வெட்டுக்கத்தி. ஒவ்வொரு வெட்டுக்கும் இரும்புக் கொக்கிகள் கணகணத்தன. அடுத்த கடையில் ஒருவன் ஐஸ் உடைத்தான். எங்கோ தள்ளுவண்டி ஒன்று படிக்கட்டில் தடதடவென்று இறங்கியது. ஆம்ப்ரோஸ் கறிக்கடைக்கு முன்னால் நின்றார். அரைமணி நேரம் நின்றிருப்பார். காதுக்குள் ரீங்காரம் அடங்கி, பசி எடுத்தது.

"எவ்வளவு வேணும்ண்ணே?" என்றார் கையூம்.

"ஒண்ணும் வேணாம்."

"அப்ப ஏன் நிக்கிறீங்க?"

"சும்மாதான்."

கையூம் அவருடைய தோளையும் கைகளையும் பார்த்தார். "சும்மான்னா அந்தத் தொடைய எறக்கிக் குடுங்க. ஆளு வரல இன்னிக்கி."

ஆம்ப்ரோஸ் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு இறக்கிக் கொடுத்தார். பிறகு கட்டையைக் கழுவினார். தரையைத் தேய்த்தார். மூன்று மணிக்குக் கையூம் ஒரு தூக்குச்சட்டியில் தேநீரை நீட்டி, "டிசம்பர் முடியற வரைக்கும் ஆளு கெடயாது. காலைல வர முடியுமா? ஆறு மணிக்குத் தொறப்பேன்" என்றார்.

"நாளைக்கி ஞாயிறு, பூசை இருக்கு. திங்கக்கெழம வரேன். பத்து மணிக்கு வரலாமா? மொத நாள் மட்டும். எட்டு மணிக்கு வீட்டுல ஒரு வேல இருக்கு."

திங்கட்கிழமை காலை தொழிற்சாலை பஸ் வந்தபோது ஆம்ப்ரோஸ் சட்டை போட்டு, தலை சீவி, ஹால் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்பீக்கர்களும் முதுகு திறந்தபடி முன்னால் கிடந்தன. வெட்டி எறிந்த கட்டிகளைச் சோபாவுக்கு அடியில் தேடி எடுத்து ஒரு சாஸரில் வைத்திருந்தார். பிரிஜட்டின் சூட்டுக்கோலை அவள் அலமாரியிலிருந்து ஜோசபின் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

பிரிஜட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"எனக்குச் சண்ட போடத் தெம்பு இல்லப்பா."

"சண்ட போடல. இத மறுபடி ஒட்டு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "வேணாம்ப்பா. நீங்க மெதுவா வச்சீங்கன்னா போதும்."

"மெதுவா வைக்க மாட்டேன்" என்றார் ஆம்ப்ரோஸ். "எனக்கு என்னப் பத்தித் தெரியும். ரெண்டு நாள் ஒண்ணுல வைப்பேன். மூணாம் நாள் நாலுக்குப் போயிருவேன். இனிமே காலைல தேக்காவுக்கு வேலைக்குப் போறேன். ஆனா மத்தியானம் வந்துருவேன். நீ எந்திரிக்க நாலு மணி ஆவும். அந்த நேரத்துக்கு என் கைய நம்பாத. ஒட்டிட்டுப் போய்ப் படு."

பிரிஜட் கைப்பையைக் கீழே வைத்தாள். குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. தரையில் மண்டியிட்டுச் சூட்டுக்கோலைப் பிளக்கில் சொருகினாள். அது சூடாகும்வரை இருவரும் அதன் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. ஆனால் வேலையைத் தொட்டதும் கை மட்டும் வேறு யாருடையதோ போலத் தெளிவாக இருந்தது. பழைய ஈயத்தைத் துடைத்தாள். வயர் நுனியை நேராக்கினாள்.

"கதீஜாகிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றாள், குனிந்தபடியே.

"சொல்லாத. போறதா இருந்தாலும் இந்தக் காரணத்துக்குப் போவாத."

"இந்த ரெண்டையும் சேத்துப் பிடிங்க. இங்க. ஆமா, அப்பிடி."

ஆம்ப்ரோஸ் பிடித்தார். இருபத்திரண்டு வருஷம் காற்றுச் சுத்தியல் பிடித்த கை அது. சும்மா நீட்டினால் விரல் நுனிகள் துடிக்கும். வயரும் அதோடு சேர்ந்து துடித்தது.

"ஆடுதுப்பா."

அவர் முழங்கையைத் தரையில் ஊன்றினார். இன்னொரு கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பிரிஜட் சூட்டுக்கோலை வைத்தாள். மெல்லிய புகை எழுந்தது. ஈயம் உருகி, தண்ணீர் மாதிரி மின்னிக்கொண்டு இடத்தை நிரப்பியது. அவள் கோலை எடுத்துவிட்டாள்.

"விட்றட்டா?"

"இன்னும் இல்ல. இப்ப ஆட்டுனீங்கன்னா உள்ள வெடிப்பு விழுந்துரும்."

"ஊதட்டா?"

"ஊதக் கூடாதுப்பா. அதுவா ஆறணும்."

வெளியே மழை விட்டிருந்தது. நடைபாதையில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள். ஆம்ப்ரோஸ் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். அந்தப் பொட்டு ஆறிவிட்டதா இல்லையா என்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மகள் போதும் என்று சொல்லும்வரை அவர் அசையவில்லை.